சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வருவார்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எனக்கு இரண்டு ஹோட்டல். இடம் பார்த்துப் போட்ட மூளைக்காரன் என்று ஊரில் பேச்சு. மறுக்க நான் யார்? பஸ்ஸில் இறங்குகிறவர்களை ஆறு மொழியில் சாப்பிடக் கூப்பிடுவேன். ஏழாவது ஸ்பானிஷ். பேத்தி போனில் படிப்பதைக் காதால் கேட்டே பிடித்துக்கொண்டேன்.

போன வாரம் அவள் கடந்த காலப் பாடத்துக்கு வந்திருந்தாள்.

“ஒருக்கா நடந்தது வேற தாத்தா. வழக்கமா நடந்ததுன்னா, ‘ஆர்’ல முடியிற வினைக்கு ‘ஆபா’ போடணும். ‘ஏர்’, ‘இர்’னு முடிஞ்சா ‘ஈயா’. யெகார்னா வந்து சேர்றது. அப்போ யெகாபா?”

“வந்து சேர்வாரு.”

“அய்யே, அது இனிமே வரப்போறதுக்குச் சொல்றதாக்கும்! தாத்தா தோத்துப் போயி!”

தமிழில் இரண்டுக்கும் அதே சொல்தான் என்று நான் வாதாடவில்லை. அந்தச் சொல்லிடம் ஆறு வயதிலேயே தோற்றவன் நான்.

அப்போது போனக்காடு தேயிலை எஸ்டேட்டில், லயத்து வீட்டில் இருந்தோம். நெஞ்சுவலி என்று அப்பாவை ஜீப்பில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே இறந்தார், அடக்கமும் அங்கேயே. என்னிடம் யாரும் சொல்லவில்லை. சில நாள் கழித்து, பக்கத்து வீட்டு அத்தையிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“சனிக்கிழமைன்னா கடைசி பஸ்ல வருவாரு மதினி. வளைவு திரும்பும்போதே கை காட்டுவாரு. சட்டைப் பையில இவனுக்குக் கடலை இருக்கும்.”

மலையாளத்தில் ‘வருமாயிருந்நு’ என்று தனியாக ஒன்று உண்டு. முன்பெல்லாம் வருவார் என்று மட்டுமே அதற்குப் பொருள். அம்மா தமிழில் சொல்லிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை ரோட்டில் போய் நின்றேன். பஸ் வந்தது, அப்பா வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் நின்றேன். அதற்கடுத்ததும். நாலாவது வாரம் அம்மா தேடிக்கொண்டு வந்தாள்.

“இங்க என்னடா செய்ற?”

“அப்பா கடைசி பஸ்ல வருவாருன்னு நீதானம்மா சொன்ன?”

அவள் அப்படியே கல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியும் போய்விட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

அவளும் என்னைப் போலக் காத்திருந்து ஏமாந்துவிட்டாள் என்றே நினைத்தேன். ஆறுதல் சொல்வதில் நான் அப்போதே கெட்டிக்காரன்.

“அழாதம்மா,” என்றேன். “அடுத்த சனிக்கிழமை வருவாரு.”