தெருவைச் சுரண்டிய தங்கை

மாநகராட்சியின் சாலைப் பிரிவில் அவள் பொறியாளர். ஊரார் வைத்த பெயர் ‘சுரண்டுற மேடம்’.

பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுவிட்டுப் போவதுதான் அந்த நகரத்தின் பழக்கம். அப்படிப் போட்டுப் போட்டே தெருக்கள் உயர்ந்தன, வீடுகள் பள்ளத்துக்குப் போயின. மழையும் முன்போல இல்லை. ஒரு மாதத்து மழை ஒரே மதியத்தில் கொட்டித் தீர்க்கிறது. அத்தனையும் வாசல் தாண்டி உள்ளே வருகிறது. அதனால் பழைய தாரைச் சுரண்டி எடுத்து, தெருவை வாசலுக்குக் கீழே இறக்கி, வடிகால் பக்கம் சாய்க்காமல் அவள் விடமாட்டாள். வேலை இழுக்கும். திட்டு விழும். சிரித்தே வாங்கிக்கொள்வாள்.

அக்காவின் தெருவுக்கு முறை வந்தபோதுதான் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் அக்கா மகளுக்குக் கல்யாணம், வீட்டிலேயே.

“இந்த ஒரு தடவை மேலேயே போட்டுட்டுப் போயேன்டி. யாரு கேக்கப் போறா?”

“சுரண்டற மெஷின் ஊருக்கே ஒண்ணுதான்க்கா இருக்கு. இப்ப விட்டா மழைக்கு முன்னாடி திரும்பி வராது. மறுபடியும் உன் வீட்டுக்குள்ளதான் தண்ணி.”

“என் பொண்ணு கல்யாணத்தவிட உனக்குத் தார் பெருசாப் போச்சு!”

தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்தவள் சொன்ன சொல். ஆனாலும் மறுநாள் இயந்திரம் தெருவுக்குள் நுழைந்தது.

கல்யாணத்தன்று, சுரண்டிக் கிடந்த தெருவில் விருந்தினர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தடுமாறினார்கள். புதுத் துணிக்கு மேல் ஆரஞ்சு மேலங்கியோடு, வயதானவர்களைக் கைப்பிடித்துப் பலகைமேல் நடத்தி வந்தாள் பெண்ணின் சித்தி.

“தெருவை உரிச்சுப் போட்டா எங்களை வரவேற்கிறீங்க?” என்றார் மாப்பிள்ளையின் மாமா. அக்காவின் முகம் கறுத்தது. அன்றோடு தங்கையிடம் பேச்சும் நின்றது.

தார் போட்டு முடித்த கையோடு பேய்மழை பிடித்துக்கொண்டது. அலுவலக ஜன்னலோரம் அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சாய்வு எங்காவது தப்பியிருந்தால்? அக்காவையும் இழந்து, அவள் வீட்டையும் மூழ்கடித்த பாவியாவாளே!

போன் அடித்தது. அக்கா!

“துணிமணியெல்லாம் கட்டில் மேல ஏத்திட்டு, காலையிலேர்ந்து வாளியோட உக்காந்திருக்கேன். எங்கடி தண்ணி?”

“வாசல்ல பாரேன்க்கா.”

“பாத்தேன். அதுபாட்டுக்குத் தெருவுல ஓடுது.” குரல் உடைந்தது. “உன்னைத் திட்ட எவ்வளவு சேத்து வச்சிருந்தேன் தெரியுமா? ஒண்ணும் வாய்ல வரமாட்டேங்குது.”

“யோசிச்சுத் திட்டுக்கா,” என்று விசும்பினாள் தங்கை. “நான் கேக்கறேன்.”

“போன்ல எதுக்கு? சாப்பிட வா. நேர்லயே திட்டறேன்.”