வலது பக்கம் சும்மா இருக்கட்டும்

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது என் தலையில் இரண்டு இடங்களில் முடி கொட்டியது. இடது காதுக்கு மேலே ஒன்று, வலது காதுக்கு மேலே ஒன்று, காசு அளவில் வழுவழுவென்று இரண்டு வட்டம். புழுவெட்டு என்றார்கள். நாங்கள் இருந்த பழனி அடிவாரத்தில் மொட்டைத் தலைக்குப் பஞ்சமே கிடையாது. முழு மொட்டையாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கங்கே இருந்தால்தான் வம்பு. ஒட்டிக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். இனிமேல் போகவே மாட்டேன் என்று நான் வீட்டில் அழுது புரண்டேன்.

தோல் டாக்டர் பார்த்துவிட்டு, பெரும்பாலும் தானாகவே வளர்ந்துவிடும், சிலருக்கு வளராமலும் போகும் என்றார். இந்த மாதிரி இரண்டுங்கெட்டான் பதில் எங்கள் வீட்டில் எடுபடாது. பூஜைச் சாமான் கடை வைத்திருந்த அப்பா, முடி வளர்ந்தால் மொட்டை போடுவதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டார். மழிப்பதற்காக வளர்ப்பதில் எனக்கு என்ன லாபம் என்று அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. அம்மாவோ தும்மட்டிக்காயை நம்பினாள். புழுவெட்டுக்கு அதைத் தேய்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் அந்தக் காயைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தாள். பாலைவனத்து மணலில்கூட வாடாமல் படரும் கொடி அது. வரிபோட்ட உருண்டைக் காய், ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் கசப்பு. அந்தக் கசப்பு சர்க்கரை நோய்க்கு உதவுமா, தானியத்தில் வண்டு விழாமல் காக்குமா என்று பார்ப்பது அவள் வேலை. மலையில் பேரிக்காயும் பிளம்ஸும் காய்த்துத் தொங்க, அவள் சனிக்கிழமையானால் பஸ் பிடித்து இறங்கிவந்து ஆயக்குடிப் பக்கத்துத் தரிசுகளில் இதைப் பொறுக்குவாள். எல்லாரும் கொய்யாக் கூடையோடு ஏறும் பஸ்ஸில் இவள் மட்டும் தும்மட்டிப் பையோடு வருவாள். "என்ன டாக்டரம்மா, இன்னைக்கு வெளைச்சல் எப்படி?" என்பார் அப்பா. இன்றைக்கும் அவளுக்கு அதே வேலைதான். இப்போது அவளிடம் படிக்கும் பிள்ளைகள் பொறுக்குகிறார்கள்.

"முடிக்கு ஆகுமான்னு நான் பாத்ததில்லக்கா. வாயில பட்டா ஆபத்து, தோலையும் புண்ணாக்கும்" என்று சித்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அம்மா விடவில்லை. கடைசியில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சாற்றில் நிறையத் தண்ணீர் கலந்து, இடது பக்கம் மட்டும் தடவுவது என்று முடிவானது.

"வலது பக்கம் சும்மா இருக்கட்டும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் முடி எதனால வந்துச்சுன்னு தெரியும்" என்றாள் சித்தி.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஆராய்ச்சிக்குத் தலையைக் கொடுத்தவள் எங்கள் தெருவில் வேறு யார்? மறுநாளே பள்ளிக்கூடம் போய் விஷயத்தை அவிழ்த்துவிட்டேன். தள்ளி உட்கார்ந்த பிள்ளைகளெல்லாம் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

தினமும் காலையில் தலை பின்னும்போது அம்மா சாற்றைத் தடவிவிடுவாள். சித்தி கொடைக்கானல் திரும்பிய சில நாளில் வலது பக்கமும் எரிய ஆரம்பித்தது. சாறு உள்ளுக்குள்ளேயே அந்தப் பக்கம் போகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அப்பா தன் பங்குக்கு இரண்டு பக்கமும் விபூதி பூசினார்.

முடி வந்தது. இரண்டு பக்கமும் ஒன்றாக, பூனை மயிர் மாதிரி மெல்லிசாக வந்தது. அம்மா தெருவெல்லாம் தும்மட்டி புராணம் பாடினாள். அப்பா மொட்டை போட நாள் பார்த்தார். சித்தி வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். வலது பக்கத்துத் தோலும் சிவந்திருந்தது.

"அக்கா, இந்தப் பக்கமும் தேச்சியா?"

"பின்ன? ஒரே புள்ளையோட தலையில ஒரு பக்கத்துக்கு மட்டும் மருந்து போடச் சொல்ற. பெத்தவ கை கேக்குமாடி?"

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அத்தை தன் மகனுக்குக் காய் கேட்டு வந்து நின்றாள். சித்தி கொடுக்கவில்லை. "இவ தலைய வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அனுப்பிவிட்டாள். அம்மாவுக்குக் கோபமான கோபம். எனக்கு அதைவிட. அத்தனை எரிச்சலைத் தாங்கிய தலை ஒன்றுக்கும் ஆகாதாமே!

மொட்டை போடுகிற அன்று சித்தி வெள்ளனே வந்துவிட்டாள். என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் விரலால் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டேயிருந்தாள்.

"ஆராய்ச்சி கெட்டுப்போச்சா சித்தி?"

"நல்லாக் கெட்டுப்போச்சு" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பாவம், எதனால் வந்தது என்று இன்னமும் தேடுகிறாளே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடுத்த தடவை முடி கொட்டினால் வலது பக்கத்தை நானே காவல் காக்கிறேன் என்று சித்திக்கு வாக்குக் கொடுத்தேன். சித்தி சிரித்துவிட்டு மறுபடியும் தடவினாள். அவள் எதையும் தேடவில்லை, முடி வந்துவிட்டதைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.