இரும்பு ருசி

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சுவர் மணக்கும். தாராவிச் சந்து ஒன்றில் ஒற்றை அறை. மேலே ஏணி வைத்து ஏறும் பரண். ஓதம் ஏறியதும் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக எழும்பி நிற்கும். பாயில் குப்புறப் படுத்து, தகரத்தில் மழை விழுவதைக் கேட்டபடியே, ஒரு பொருக்கை நகத்தால் பெயர்த்து நாக்கில் வைப்பேன். அது கரையும் நேரத்தில் உலகத்தில் எனக்கு ஒரு குறையும் இருக்காது. எனக்கு அப்போது ஏழு வயது. எல்லாப் பிள்ளைகளும் சுவர் தின்பார்கள் என்றே நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கும் ஒரு ருசி இருந்தது. அரிசி புடைக்க உட்கார்ந்தாள் என்றால் கல் ஒரு பக்கம் போகும், பச்சரிசி பிடி பிடியாக அவள் வாய்க்குள் போகும். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டால் எனக்கும் ஒரு பிடி கொடுத்து, "அத்தைட்ட சொல்லிராத ட்டீ" என்று சிரிப்பாள். நான் சொன்னதில்லை. சுவரில் இருந்த நகத்தடங்களைப் பற்றி அவளும் அப்பாவிடம் மூச்சு விட்டதில்லை. எங்களுக்குள் அப்படி ஓர் உடன்படிக்கை.

தம்பிக்கு எட்டு மாதம். மற்ற பிள்ளைகள் வாசல் சாக்கடை வரை தவழ்ந்துபோய் அடி வாங்கும் வயதில், இவன் போட்ட இடத்தில் வெளிறிப்போய்க் கிடந்தான். பால்வாடி டீச்சர் வந்து அவன் கீழிமையை இழுத்துப் பார்த்தார். மராத்திக்காரர், எங்கள் சந்துகளில் நடந்து நடந்தே தமிழ் படித்தவர். ரத்தம் குறைவு என்று ஒரு சிறிய பாட்டிலில் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுத்தார்.

"கக்கா கறுப்பா போவும். பயம் வேணாம். கறுப்பு வந்தா நல்லது, மருந்து உள்ள போவுது."

ஒரு மாதத்தில் தேறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு அம்மாவின் சிரிப்பு போயிற்று.

முதல் சொட்டுக்கே தம்பி முகத்தைச் சுளித்துத் துப்பினான். துப்பியது என் விரலில் பட்டது. நக்கினேன். மழை நாளில் லோக்கல் டிரெயினின் ஜன்னல் கம்பியை நாக்கால் தொட்டால் ஒரு ருசி வரும், தொட்டிருக்கிறேன், அதே ருசி. சுவரெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். மறுநாளிலிருந்து, அம்மா குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்கும் நேரத்தில், எனக்கு ஒரு மூடி. குறைந்தது தெரியாமல் இருக்கக் கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கருப்பட்டி இல்லாமல் வரமாட்டார்கள், அதனால் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. நிறமும் அச்சு அசலாக மருந்து மாதிரியே இருந்தது. பத்து நாளில் தம்பி குடித்துக்கொண்டிருந்தது வெறும் கருப்பட்டித் தண்ணீர்.

அம்மாவோ தினமும் அவன் துணியை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக் கறுப்புக்காகக் காத்திருந்தாள். விசித்திரம் என்னவென்றால், அவன் வயிற்றில் இருந்தபோது அதே டீச்சர் கொடுத்த சிவப்பு மாத்திரைகளை, "தின்னா பிள்ள கறுத்துப் போயிரும்" என்று அத்தை சொன்ன ஒரே சொல்லுக்காக, ஒரு டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றிவைத்தவள் அவள். அத்தை அப்பாவின் அக்கா. அடுத்த சந்தில் இருந்தாலும் சட்டமெல்லாம் எங்கள் வீட்டில்தான்.

"இன்னும் மஞ்சளாத்தான் போறான் மைனி" என்று அம்மா அத்தையிடம் அழுதாள்.

பிறகு மஞ்சளும் இல்லை, தண்ணீராகவே போக ஆரம்பித்தது. கருப்பட்டித் தண்ணீர் புளித்திருக்கும். அத்தை வந்து, பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கிறது, தூக்கும்போது எங்கேயோ சுளுக்கியிருக்கிறது என்றாள். ஒரு சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, நடுவில் தம்பியைக் கிடத்தி, இருவரும் அவனை இப்படியும் அப்படியும் உருட்டினார்கள். பூப்போட்ட சேலைக்குள் அவன் மெல்ல மெல்லப் புரண்டான். வெளியே மழை. பார்க்க எவ்வளவோ அழகாக இருந்தது. ஆனால் அவன் அழவில்லை. அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை. டீச்சரைக் கூட்டிவர நான்தான் மழையில் ஓடினேன்.

அவர் உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக அவனுக்குப் புகட்டினார். பிறகு மருந்துப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார்.

"இது மருந்து இல்ல. வெல்லம். யார் போட்டது?"

நான் வாயைத் திறந்து ஓவென்று அழுதேன். அம்மா பத்து நாளாகத் தேடிய கறுப்பு என் பல்லில் இருந்தது.

அம்மா கையை ஓங்கினாள். டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "மொத்தமா குடிச்சிருந்தா உயிர் போயிருக்கும்" என்று என்னைத் திட்டியபடியே என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, கேட்காமலே அம்மாவின் இமையையும் இழுத்தார்.

"மூணு பேரும் வெள்ளை. உன் மாத்திரை எங்க?"

அம்மா பரணைப் பார்த்தாள். அத்தை சேலையை மடிக்க ஆரம்பித்தாள். மடித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

பழைய மாத்திரைகள் குப்பைக்குப் போயின. புது மருந்து மூன்று பேருக்கும் வந்தது, அளவு பார்த்து ஊட்டுவது அப்பா பொறுப்பு. ஒரு வாரத்தில் தம்பிக்குக் கறுப்பு வந்தது. அம்மா அந்தத் துணியைச் சந்து முழுக்கக் காட்டாத குறை. தீபாவளிக்குள் அவன் சாக்கடை வரை தவழ்ந்து முதல் அடியை வாங்கினான்.

ஆனால் சுவர் கெட்டுப்போயிற்று. அடுத்த மழைக்கு ஒரு பொருக்கை எடுத்து நாக்கில் வைத்தேன், வெறும் சுண்ணாம்பு. துப்பினேன். சுவர் போனால் போகட்டும், அரிசி இருக்கிறதே என்று, அம்மா புடைக்க உட்கார்ந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அத்தை இல்லை, யாரும் இல்லை. ஒரு பிடி அள்ளி அவளிடம் நீட்டினேன்.

"வேண்டாம் ட்டீ. இப்பல்லாம் எனக்கு அது பிடிக்கல" என்று கையை மெல்ல விலக்கிவிட்டு, அவள் கல் பொறுக்கினாள்.

நான் பரணில் ஏறிப் படுத்து அழுதேன். அந்த ருசியே ரத்தக்குறைவால் வந்தது, அம்மாவுக்குக் குணமாகிவிட்டது என்று எனக்குத் தெரியவில்லை. மருந்தைத் திருடியதற்காக என்னோடு சேர்ந்து தின்பதை விட்டுவிட்டாள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.