காது மட்டும் தெளிந்த 1.4 லென்ஸ்

இக்குறிப்பை எழுதவேண்டிய கடமை எனக்கு உண்டு. காதர் பாய் செப்பனிட்டுக் கொடுத்த 1.4 லென்ஸ் பழுதுடையது என்று, மதுரையில் ஒளிப்படத் தொழில் செய்வோர் நால்வரிடம் நானே சொன்னேன். அந்நால்வரும் இன்னும் எத்தனை பேரிடம் சொன்னார்களோ, அறியேன். நான் சொன்னது தவறு. வாயால் பரப்பியதை வாயால் திரட்டி மீட்க முடியாது. ஆகையால் எழுத்தில் வைக்கிறேன். ரேஞ்ச்பைண்டர் என்னும் ஒளிப்படக் கருவிக்கு ஒளிமிகுந்த லென்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விரும்பும் இளையோர்க்கும் இதனால் பயன் விளையலாம்.

தனித்தமிழில் எழுதுவதே என் வழக்கம். நான் ‘ஒளிவில்லை’ என்று சொல்லும்போதெல்லாம் காதர் பாய், “புலவரே, லென்ஸ்னு சொன்னா நாக்கு சுட்டுருமா?” என்பார். அவருக்குச் செய்த பிழையைத் திருத்தும் குறிப்பாதலின், இங்கே அவருடைய சொல்லே இருக்கட்டும்.

1. கண் மூடிய மணப்பெண்

பழங்காநத்தத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டூடியோ நடத்தி, அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். காதர் பாய் அவ்வளவு காலமும் என் கருவிகளைச் செப்பனிட்டவர். நகரின் பழைய பகுதியில், வீட்டின் முன்னறையிலேயே அவருடைய கடை. அவருடைய ஒரே மகள் நஸ்ரின், மருந்தகம் ஒன்றில் பணிபுரிபவள். அவளுக்கு நிக்காஹ் உறுதியான செய்தியைச் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள்.

“மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றாள் நஸ்ரின். “ஸ்கூல் குரூப் போட்டோவுலருந்து காலேஜ் வரைக்கும் ஒண்ணுலயாச்சும் நான் முழிச்சிருக்கேனா? பிளாஷ் மின்னுனா கண்ணு தானா மூடிக்குது. நிக்காஹ்ல கையெழுத்துப் போடுற போட்டோவுல மட்டும் நான் கண்ணைத் திறந்திருக்கணும்.”

காதர் பாய் சிரித்தார். “பொறந்த நாள்லருந்து நீங்கதான எடுக்கீக, புலவரே. அம்புட்டுப் படத்துலயும் எம்புள்ள தூங்கிக்கிட்டுல இருக்கு!”

உண்மை. பழைய ஆல்பத்தைப் புரட்டினேன். இருபத்துச் சொச்சம் படங்கள்; அத்தனையிலும் இமைகள் இறங்கியிருந்தன. எடுத்தவன் நான். பிளாஷ் இல்லாமல் எடுத்துத் தருவதாக வாக்களித்தேன்.

2. மூன்று லென்ஸ்கள்

மணமகள் கையெழுத்திடும் இடம் வீட்டின் உள்ளறை; அங்கே விளக்கென்று இருந்தது ஒரே ஒரு டியூப் லைட்டு. என்னிடமிருந்தது படச்சுருள் போடும் ரேஞ்ச்பைண்டர். இக்கருவியின் சிறு கண்ணாடிச் சாளரத்தில் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பினால் இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் குவியம், அதாவது போகஸ், சரி. ஓசை குறைந்த கருவி. மங்கிய ஒளியிலும் கை நடுங்காமல் பிடிக்கலாம். ஒரு குறை உண்டு. சாளரம் லென்ஸின் வழியே பார்ப்பதன்று. எனவே படத்தில் எது மங்கும், எது தெளியும் என்பதை அது காட்டாது. அதன் வழியே எல்லாமே தெளிவாகத்தான் தெரியும்.

காதர் பாய் மேசைமேல் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ்கள் மூன்றை வைத்தார். எண் குறையக் குறைய லென்ஸின் துளை அகலும், ஒளி மிகுதியாக உள்ளே வரும். இதைத்தான் கடைத்தெருவில் ‘பாஸ்ட் லென்ஸ்’ என்பர்.

2 என்ற எண்ணுடையது சிறியது, இலேசானது. ஆனால் அவ்வறையின் ஒளிக்கு ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் எழுதும் கை அசைந்து மங்கிவிடும்.

1.2 எண்ணுடையது ஒளியை வாரி விழுங்கும். ஆயினும் அதன் பருத்த உடல் சாளரத்தின் கீழ் மூலையை மறைத்தது. ஒரு மீட்டருக்கு உள்ளே குவிய மறுத்தது. “இது லென்ஸ் இல்ல, குண்டா. பிரியாணிதான் ஆக்கலாம்” என்று காதர் பாயே அதை ஒதுக்கிவைத்தார்.

எஞ்சியது 1.4. அறுபதில் ஒரு நொடி போதும், சாளரத்தை மறைக்காது, முக்கால் மீட்டர் வரை நெருங்கலாம். அவர் பிரித்துத் துடைத்து, மசகிட்டுக் கொடுத்தது. அதையே தேர்ந்தேன்.

3. திருவாதவூரில் எடுத்த காது

நிக்காஹுக்கு மூன்று வாரம் இருந்தது. ஒத்திகை பார்க்கத் திருவாதவூர்க்கார நண்பர் முத்தையாவிடம் சென்றேன். நெல் விவசாயம் செய்பவர்; பொறுமைசாலி. வீட்டின் உள்ளறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, ஒரு மீட்டர் தொலைவில் நின்று, அவருடைய கண்ணில் குவியம் வைத்து, ஒரு சுருள் முழுவதையும் எடுத்தேன்.

கழுவி அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணே, மூஞ்சி பூராம் பனி மூட்டமா இருக்கு. காது மட்டும் பளிச்சுனு இருக்கு.”

“தெரிகிறது, முத்தையா.”

“இம்புட்டு முடியா இருக்கு என் காதுல? வீட்டுல ஒருத்தியும் சொல்லலியே! பொண்ணு பாக்க வாரவக காதைத்தான் பாக்கணும்னா இதுதாண்ணே சரியான கேமரா.”

நான் சிரிக்கும் நிலையில் இல்லை. முப்பத்தாறு படங்களில் முப்பத்தொன்றில் கண் மங்கல், காது தெளிவு. கண்ணுக்குப் பின்னால் நான்கு விரற்கடை தள்ளிக் குவிந்திருக்கிறது. லென்ஸ் குவியத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்று முடிவு கட்டினேன். மேலூர்ப் பேருந்து நிலையத்தில் எதிர்ப்பட்ட தொழில் நண்பர் ஒருவரிடமும், அவ்வாரமே வேறு மூவரிடமும், “காதர் பாய்க்கு இப்போது கை பிசகுகிறது” என்றும் சொல்லித் தொலைத்தேன். இக்குறிப்பில் எனக்கு மிகவும் நாணம் தரும் வரி இதுவே.

4. பத்து டீ கிளாஸ்

லென்ஸைக் காதர் பாயிடம் திருப்பிக் கொடுத்து, குறையைச் சொன்னேன். அவர் எதிர்க்கடையிலிருந்து பத்து டீ கிளாஸ்களை வாங்கிவந்து, மேசையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை ஒட்டினார்.

“அஞ்சாம் நம்பர் கிளாஸ்ல போகஸ் வைங்க.”

வைத்தேன். நான்கு முறை எடுத்தேன். மறுநாள் சுருளைக் கழுவிப் பார்த்தால், நான்கிலும் ஐந்தாம் எண் கத்திமுனை போல் தெளிந்திருந்தது. ஆறாம் கிளாஸ்கூட மங்கல்தான்.

“கிளாஸ்னா சரியா வருது. மனுசன்னா காதுக்குப் போகுது. லென்ஸுக்கு ஆளு பாத்து நடக்கத் தெரியுமா, புலவரே?” என்றார் அவர். குரலில் சூடு இருந்தது. நான் நால்வரிடம் சொன்னது அவர் காதுக்கு எட்டியிருந்தது என்று அப்போதே உணர்ந்தேன்.

“சரி, நானே உக்காருறேன். எடுங்க” என்று நாற்காலியில் சாய்ந்தார். நான் அவருடைய கண்ணில் குவியம் வைத்து, வழக்கம்போல் “ரெடி!” என்றேன்.

உள்ளே வாசற்படியில் நின்ற நஸ்ரின் வாய்விட்டுச் சிரித்தாள்.

“மாமா! நீங்க ரெடின்னதும் அத்தா முதுகு எப்டி நாற்காலிய விட்டு வருது பாத்தீங்களா? பி.டி. மாஸ்டர் விசில் ஊதுன மாதிரி!”

“நான் எங்கடி அசைஞ்சேன்?”

“இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க, அத்தா.”

நான் சொன்னேன். காதர் பாயின் தலை நான்கு விரற்கடை முன்னே வந்தது.

“கிளாஸ்கிட்ட மாமா ரெடி சொல்லலியே. அதான் அது நிமிரல” என்றாள் அவள்.

அறை முழுதும் சிரிப்பு. எனக்கு மட்டும் முப்பது ஆண்டுகள் கண்முன் ஓடின. ஸ்டூடியோவில் ‘ஆயத்தம்’ என்றால் எவரும் திரும்பிப் பாரார் என்பதால், நான் எனக்கு அனுமதித்துக்கொண்ட ஒரே ஆங்கிலச் சொல் அது. அங்கே பிளாஷ் உண்டு; துளையைச் சுருக்கி, தொலைவில் நின்று எடுப்பேன். முன்னும் பின்னுமாக ஒரு முழத்துக்கு மேல் தெளிவு கிடைக்கும். ஆள் நிமிர்ந்தாலும் கேடில்லை. 1.4-ல், ஒரு மீட்டர் தொலைவில், கிடைப்பது இரு விரற்கடை. குவியம் வைத்த பின் நானே ஆளை நகர்த்திவிட்டு, லென்ஸின்மேல் பழி போட்டிருக்கிறேன்.

காதர் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதை அப்புறம் பாப்போம். மொதல்ல எம்புள்ள கண்ணைத் திறந்து எடுத்துக் குடுங்க” என்றார்.

5. நிக்காஹ்

மணநாள் முற்பகல். மணமகளின் சம்மதத்தைக் கேட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் பெற வருபவரை ‘வக்கீல்’ என்கிறார்கள். வந்தவர் நஸ்ரினின் பெரியத்தா, காதர் பாயின் அண்ணன். உடன் இரு சாட்சிகள். நான் சுவரோரம் வாயை மூடி நின்றேன்.

அவர் சம்மதம் கேட்டார், அவள் தலையசைத்தாள், குனிந்து கையெழுத்திட்டாள். அவள் முகம் நிமிரும் கணத்துக்காகக் காத்திருந்தேன். அப்போது பெரியத்தா என் பக்கம் திரும்பி உரத்துச் சொன்னார்:

“போட்டோக்காரரே, எல்லாரும் ரெடி! எடுங்க!”

அறையே விறைத்தது. சாட்சிகள் நெஞ்சை நிமிர்த்தினர். பெரியத்தா தொப்பியைச் சரிசெய்தார். நஸ்ரினும் பழக்கத்தால் நிமிர்ந்து, வராத பிளாஷுக்கு அஞ்சிக் கண்களை இறுக மூடிக்கொண்டாள். நான் அழுத்தவில்லை.

“எடுத்தாச்சா?” என்றார் பெரியத்தா.

“எடுத்தாயிற்று” என்றேன். தொழிலில் நான் சொன்ன முதல் பொய்.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். தோள்கள் தளர்ந்தன. நஸ்ரின் கையில் பேனாவுடன் சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்து, தன் தாயைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய வலக்கண்ணில் இரண்டு உருவங்களும் ஒன்றாகும்வரை வளையத்தைத் திருப்பி, அழுத்தினேன். கருவியின் ஓசை ஒருவருக்கும் கேட்கவில்லை.

அன்று மாலையே சுருளைக் கழுவினேன். மறுநாள் காதர் பாய் உருப்பெருக்கியைச் சுருளின்மேல் வைத்து நெடுநேரம் பார்த்தார். கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தது, காது மங்கல். பின்னால் பெரியத்தா கண்ணை மூடியிருந்தார்.

“முழிச்சிருக்கேனா, அத்தா?” என்று பொறுமையிழந்து கேட்டாள் நஸ்ரின்.

“முழிச்சிருக்கம்மா. உங்க பெரியத்தாதான் தூங்குறாரு.” பிறகு என்னைப் பார்த்தார். “லென்ஸ்ல ஒண்ணுமில்ல, புலவரே. ஆளைத்தான் சர்வீஸ் பண்ண வேண்டியிருந்துச்சு.”

எந்த லென்ஸ் வாங்குவது என்று கேட்போர்க்கு என் விடை: மங்கிய அறையில் மனிதரை எடுப்பதாயின் 1.4 போதும், அதற்கும் அகன்றதைத் தேடி அலையவேண்டா. குறை கண்டால் முதலில் அசையாத பொருளை எடுத்துப் பாருங்கள். அதில் சரியாக வந்தால், லென்ஸை விட்டுவிட்டு உங்கள் வாயைக் கவனியுங்கள். ஆளிடம் ‘ஆயிற்று’ என்று சொல்லிவிட்டு, அதன் பின் குவியம் வையுங்கள்.

விரற்கடைக் கணக்கில் நான் பிசகியிருக்கலாம். நிக்காஹ் சடங்கின் முறையை, அருகிருந்து கண்டவனேயன்றி அதில் பிறந்து வளர்ந்தவனல்லேன் ஆகையால், பிழைபடவும் எழுதியிருக்கலாம். அறிந்தோர் தயங்காது சுட்டிக்காட்டுக. ஒரு தவறான பேச்சு நான்கு பேரிடம் எத்தனை விரைவாகச் சென்றது என்பதைக் கண்டவன் நான். தவறான எழுத்து அதனினும் நெடுநாள் நிற்கும்.