தரையில் ஊற்றிய தண்ணீர்

பேரனின் பள்ளிக்கூடத்தில் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். பல் தேய்த்தது, குளித்தது, நகம் வெட்டியது என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. அவனே செய்து அவனே டிக் போட வேண்டுமாம். போன வாரம் குளிக்காமலே ஒரு டிக் போட்டான். நான் பார்த்தேன், மருமகளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தகுதி இந்த வீட்டில் எனக்குத்தான் குறைவு.

எனக்கு ஏழு வயதானபோது பெங்களூர் மர்பி டவுனில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு அப்போது இருபது வயது இருக்கலாம். எட்டாவது வரை படித்தவள். ஏழு வயதுப் பையன் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் கொள்கை. அதற்காக அடித்ததில்லை, மிரட்டியதில்லை. பல்பொடியை என் உள்ளங்கையில் கொட்டிவிட்டுத் தானும் பக்கத்தில் நின்று தேய்ப்பாள். வலது கை நகங்களை அவள் வெட்டிவிட்டால் இடது கை நகங்களை நான் வெட்ட வேண்டும்.

குளியலறை வீட்டுக்குப் பின்னால், தகரக் கதவு போட்டது. வெந்நீரை விளாவி வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். அங்கிருந்தே கேள்விகள் வரும்.

"காதுக்குப் பின்னாடி ஆச்சா கண்ணு?"

"ஆச்சு."

"முழங்கை?"

"ஆச்சு."

"அக்குளு? அங்கதான் அழுக்கு குடித்தனம் பண்ணுது."

"அதுவும் ஆச்சு."

ஒன்றும் ஆகியிருக்காது. நான் காய்ந்த உடம்போடு மூலையில் நின்று, சொம்பு சொம்பாகத் தண்ணீரைத் தரையில் ஊற்றிக்கொண்டிருப்பேன். கடைசியில் தலைமுடியை மட்டும் நனைத்து, உள்ளேயே சட்டை போட்டுக்கொண்டு வருவேன். தானாக உடுத்திக்கொள்வதும் அவள் பாடத்தில் சேர்த்தி என்பதால் அது வசதியாகப் போயிற்று.

பெங்களூர்க் குளிர் என்று காரணம் சொல்லலாம். ஆனால் வெந்நீர் இருந்தது. அம்மா தன் கையால் குளிப்பாட்டினாள், இவள் செய்யவில்லை என்ற கோபம் என்றும் சொல்லலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, ஒரு பெரிய மனுஷியை ஏமாற்ற முடிகிறதே என்ற சந்தோஷம்.

ஒன்றரை மாதத்தில் இடுப்பிலும் அக்குளிலும் சொறி வந்தது. சட்டைக்குள் மறைத்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில் அப்பாவின் அக்கா, என் அத்தை, அத்திபெலேயிலிருந்து வந்தாள். எனக்குப் புதுச் சட்டை வாங்கி வந்திருந்தாள். அளவு பார்க்கப் பழையதைக் கழற்றினாள்.

"இன்னாடா இது, உடம்பெல்லாம் புண்ணு?"

"சித்தி என்னைக் குளிப்பாட்டறதே இல்ல."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதற்குப் பிறகு இத்தனை வயது வரை எந்தப் பொய்யும் எனக்கு அவ்வளவு நன்றாக அமைந்ததில்லை.

அத்தை சமையற்கட்டைப் பார்த்துக் குரல் எழுப்பினாள். "தலைக்குப் பூ வெக்கத் தெரியுது, புள்ளைக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தத் தெரியலயாடி? பெத்தவளா இருந்தா இப்டி உட்டிருப்பாளா?"

சித்தி வந்து புண்ணைப் பார்த்தாள். "அவனே குளிச்சிக்கறான் அண்ணி. நான் கதவாண்டதான் குந்திக்கினு இருப்பேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு கண்ணு. தெனமும் குளிச்சே இல்ல?"

அவள் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. நான் புதுச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.

லைன் வீட்டில் அடுத்தடுத்த வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மில்லிலிருந்து வந்த அப்பா சத்தம் போடவில்லை. "உங்கிட்ட நான் வேற ஒண்ணும் கேக்கலியே" என்றார். அதன் பிறகு பல நாள் அவளோடு பேசவில்லை.

மறுநாள் காலை சித்தி வாளியைப் பின்பக்கம் கொண்டுபோகவில்லை. வாசலில், பொதுக்குழாய்க்கு எதிரே கிடந்த கல்லின் மேல் என்னை நிறுத்தினாள். தண்ணீருக்கு நின்ற பெண்கள் பார்க்கப் பார்க்கத் தலை முதல் கால் வரை தேய்த்துக் குளிப்பாட்டினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சொறி ஆறிய பிறகும் அது நிற்கவில்லை. எனக்குப் பத்து வயது ஆகும்வரை தினமும் அதே கல். "பாப்பா குளிக்குது டோய்" என்று கூடப் படித்த பையன்கள் கத்திக்கொண்டு போவார்கள்.

"நானே குளிச்சிக்கறேன் சித்தி" என்று அழுதிருக்கிறேன்.

"கைய தூக்கு" என்பாள். அவ்வளவுதான்.

பிறகு பிறந்த தங்கைக்கு அவள் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பல் தேய்ப்பதிலிருந்து எல்லாவற்றையும் அவளே செய்துவிட்டாள்.

சித்தி இறந்து ஆறு வருடம் ஆகிறது. நான் செய்ததை அவளிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. அந்தக் கல்லின் மேல் நின்ற காலத்தில், அவள் என்னை அவமானப்படுத்திப் பழிவாங்குகிறாள் என்றே நம்பினேன். முதுகுக்குச் சோப்புப் போடும்போது அவள் என் முதுகைப் பார்ப்பதே இல்லை. குடத்தோடு நிற்கும் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருப்பாள். கையில் வேலை இருக்கும்போது அங்கே என்ன வேடிக்கை என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.