மாமா தலையில் மாஸ்லோ

எனக்கு வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. போன மாதம் அங்கே ஒரு மீட்டிங். பயிற்சி கொடுக்க செக் நாட்டிலிருந்து வந்திருந்த அம்மாள், பேச்சுவாக்கில் தங்கள் ஊர் வழக்கு ஒன்றைச் சொன்னார். தப்பைத் தானே செய்துவிட்டு அடுத்தவரைக் கைகாட்டும் ஆளை, தலையில் வெண்ணெய் வைத்திருக்கிறவர் என்பார்களாம். வெயிலில் வந்து நின்றால் உருகி வழிந்து காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா! எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பேச்சு எனக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும். நான் வைத்திருந்த அர்த்தம்தான் வேறு.

அப்போது அம்மா ஒரகடத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்த்தாள். அங்கே தங்கியிருந்த செக் நாட்டு இன்ஜினியருக்கு என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கார் ஓட்டினார். இன்ஜினியர் ஏதோ கம்பெனியில் புது மெஷின் பொருத்த வந்தவர். எங்களுக்கெல்லாம் அவர் செக்கு சார். பெயரை வைத்து, எண்ணெய் ஆட்டுகிற மெஷினைத்தான் பொருத்துகிறார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பெரிய லீவு என்பதால் தினமும் அம்மாவோடு நானும் போய்விடுவேன்.

மாமாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் காரில் செக்கு சார் சொல்லிக்கொடுத்ததாக இந்த வழக்கைக் கொண்டுவந்து சமையலறையில் நடித்தே காட்டினார். தலையில் வெண்ணெய்க் கட்டியை வைத்துக்கொள்வதுபோல் வைத்து, அண்ணாந்து சூரியனைப் பார்த்து, நெற்றியில் வழிவதை விரலால் வழித்து நக்கினார். வெண்ணெய்க்கு அவர்கள் பாஷையில் மாஸ்லோ என்று வேறு சொன்னார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்டின்னா இன்னா மாமா?" என்றேன்.

"வெயில்ல சுத்தாதன்னு அர்த்தம். போ, போயி நெழல்ல வெளையாடு."

சின்னப் பெண்ணுக்கு உட்கார்ந்து விளக்க அவருக்கு ஏது பொறுமை? நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த நேரம் அது. கண்ணில் பட்டவர்களை எல்லாம், "தலையில மாஸ்லோ கீது, நெழலுக்கு வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிப் பார்த்தார். அறைகளைச் சுத்தம் செய்யும் அக்காதான் ஒழுங்காகச் சொன்ன பேச்சைக் கேட்டு மரத்தடிக்கு வந்தாள். அந்த அக்காவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தினமும் எனக்குத் தலை பின்னிவிடுவாள்.

ஒருநாள் மத்தியானம் வாசலில் ஒரே சத்தம். செக்கு சாரின் டயலைக் காணோம். அது கடிகாரம் மாதிரி முள் வைத்த அளவுக்கருவி. மரப்பெட்டியில் வைத்துக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு திரிவார்.

மாமா கார் பக்கத்தில் நின்று சத்தியம் பண்ணாத குறையாகப் பேசினார். "காலையில நான்தான் மேல எட்த்தும்போயி டேபிள் மேல வெச்சேன் சார். அப்பறம் ரூமுக்குள்ள யாரு பூந்தாங்கன்னு கேளுங்க."

உள்ளே போனது அக்கா ஒருத்திதான். கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் அவளுடைய பையை வாங்கி எல்லார் முன்னாலும் தரையில் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, வல்லக்கோட்டை விபூதிப் பொட்டலம், அவ்வளவுதான். இருந்தாலும் அவர் விடவில்லை. "நாளையிலேர்ந்து வராதம்மா" என்றார்.

"ஐயோ சார், நான் எடுக்கல சார். இத்த வுட்டா எனக்கு வேற வேல இல்ல சார்" என்று அக்கா அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் மாமாவைப் பார்த்தேன். கூரைகூட இல்லாத இடத்தில் உச்சிவெயிலில் நின்றுகொண்டிருந்தார். காலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய் வியர்வையோடு நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. எங்கே மயங்கி விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"மாமா! ஒன் தலையில மாஸ்லோ!" என்று கத்தினேன்.

செக்கு சார் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் மாமாவைப் பார்த்தார். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மாமாவே போய் கார் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்கு அடியிலிருந்து மரப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே கண்ணாடி உடைந்து முள் வளைந்திருந்தது.

"நான்தான் சார். காலையில எறக்கும்போது கைதவறிப் போட்டுட்டேன். பயந்துட்டேன் சார்." பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "மன்ச்சிக்கம்மா" என்றார்.

அக்கா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மாமாவை நிழலுக்குக் கூப்பிட்டதற்கு இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மாமாவுக்கு அந்த வண்டி போய்விட்டது. அடுத்த வாரத்திலிருந்து ஷிப்ட் ஆட்களை ஏற்றும் வேன்தான்.

அன்று சாயங்காலம் மாமா என்னை பைக்கில் வீட்டுக்கு அழைத்துப்போனார். வழியில் இளநீர்க் கடையில் நிறுத்தி, கேட்காமலே ஒன்று வெட்டச் சொல்லிக் கையில் கொடுத்தார்.

"நீ பாத்துட்டியா?" என்றார்.

"பாத்தேனே."

"எங்கேர்ந்து?"

"கிட்ட நின்னுதான் மாமா. நல்லாத் தெரிஞ்சிது."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இத்தப் போயி யாருனா சொல்லிக்கினு இருப்பாங்களா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கேட்டது காலையில் பெட்டி கைதவறி விழுந்ததை. நான் சொன்னது மத்தியானம் அவர் நெற்றியில் வழிந்த எண்ணெயை. எனக்கு அது எங்கே தெரிந்தது? ஆளே ஒரு மாதிரி இருக்கிறாரே, கேட்டால் கிடைக்கும்போல் இருக்கிறதே என்று, இன்னொரு இளநீர் வேண்டும் என்றேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுத்தார். என் மாமாவைப்போல் நல்லவர் உண்டா என்று நினைத்துக்கொண்டே குடித்து முடித்தேன்.