செங்கொடி எடுக்காத போன்

திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு லாரி கம்பெனியில் செங்கொடிக்கு வேலை. கண்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர்களை எந்தத் துறைமுகத்துக்கு, எந்தக் கப்பலுக்கு அனுப்புவது என்று பார்ப்பது அவள்தான். ராயபுரம் பக்கம் ஒரு துறைமுகம், எண்ணூர் பக்கம் இன்னொன்று. இரண்டுக்கும் போகும் வழியில் நகராத வண்டி வரிசை. வரிசையில் நிற்கும் டிரைவர் போன் செய்வார், எப்போது உள்ளே விடுவார்கள் என்று. சரக்கு ஏஜென்ட் போன் செய்வார், வண்டி எங்கே என்று. முதலாளி நீலமேகம் போன் செய்வார், ஏஜென்ட்டுக்கு ஏன் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று. மூன்று பேருக்கும் அவளிடம் இருந்தது ஒரே பதில்தான்: வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து, பி.காம். முடித்து, பில் அடிக்கத்தான் இந்த கம்பெனிக்கு வந்தாள். லாரி ஆபீசில் பொம்பளைப் பிள்ளையா என்று டிரைவர்கள் சிரித்த காலம் உண்டு. வண்டி அனுப்புகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட ஒரு நாளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவேயில்லை. எந்த வண்டியின் டயர் தேய்ந்திருக்கிறது, எந்த டிரைவரின் மனைவி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது. பக்கத்து நாற்காலி பாஸ்கரிடம் ஒரு போனைக்கூடக் கொடுக்க மாட்டாள். அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற நேரத்தில் நாமே செய்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

அந்தப் பெருமை எப்போது பாரமானது என்று அவளுக்கே தெரியாது. ஒரு கையில் சாப்பாடும் மறு கையில் போனுமாக வருஷங்கள் ஓடின. குளிக்கும்போது அடிக்காத போன் அடிப்பதுபோல் கேட்கும். தலையில் சோப்போடு கதவைத் திறந்து, "போனு அட்ச்சிதா?" என்பாள். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள் கணவர் பீம்ராவ், "இல்லம்மே, குளி" என்பார். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் கதவு திறக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. எண்ணூருக்குப் போக வேண்டிய இரண்டு கண்டெய்னர் பெட்டிகளை ராயபுரம் பக்கம் அனுப்பிவிட்டாள். வரிசையில் ஊர்ந்து துறைமுக கேட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. திருப்பி அனுப்புவதற்குள் கப்பலுக்குப் பெட்டி வாங்கும் நேரம் முடிந்துவிட்டது. ஏஜென்ட் கத்தினார். நீலமேகம் கத்தவில்லை. "நீயாம்மா?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். இந்த ஒரு வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அதிலிருந்து அவளுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. பெட்டி எண்ணைப் பார்ப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். டிரைவரிடம் இடத்தைச் சொல்லி, போனை வைத்து, திரும்பக் கூப்பிட்டு அதையே கேட்பாள். ஒருநாள் துரை என்கிற பழைய டிரைவர் பொறுமை இழந்துவிட்டார்.

"யக்கா, எண்ணூருன்னு நீ சொல்லிட்டே, நானும் போய்கினே கீறேன். இத்தினி தபா கேட்டா எனக்கே நா எங்க போறேன்னு டவுட்டு வந்துடும் போல கீது. வண்டி ஓட்றதா, உங்கூட பேசறதா?"

செங்கொடி போனை வைத்துவிட்டு பாத்ரூமில் போய் நின்றாள். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. துரை மேல், நீலமேகம் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல்.

நீலமேகம் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். ஆபீஸ் முழுவதையும் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போய், தன்னம்பிக்கைப் பயிற்சி என்று உட்கார வைத்தார். மைக் பிடித்த மனிதர், பக்கத்தில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து "நீ ஒரு சிங்கம்" என்று சொல்லச் சொன்னார். பாஸ்கர் கூச்சத்தோடு செங்கொடியிடம் சொன்னான்.

"நா சிங்கமும் இல்ல, ஒன்னியும் இல்ல பாஸ்கரு. தூக்கம் இல்லாத பொம்பள" என்று சொல்லிவிட்டு, மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

அதனால்தான் பீம்ராவ் அஜீசாவைப் பற்றிச் சொன்னபோது அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. பீம்ராவுடன் வேலை செய்யும் ஒருவர் அஜீசாவிடம் போய்த் தேறியிருந்தார். அஜீசா ஒரு லைஃப் கோச், வாழ்க்கைச் சிக்கலைப் பேசித் தீர்க்க வழி சொல்கிறவர்.

"இன்னொரு சிங்கமா? என்னால ஆவாதுய்யா."

"சிங்கம் புலிலாம் சொல்ல மாட்டாங்களாம். ஒருக்கா போய்ப் பாரு. புடிக்கலன்னா வந்துடு."

"எனக்கு பைத்தியம்னு முடிவே பண்ணிட்டியா?"

"எனக்கு பைத்தியம் புடிக்கறதுக்குள்ள போய்ட்டு வா" என்றார் பீம்ராவ்.

அவர் வாயை அடைக்கத்தான் போனாள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்கு மேல் மாடி அறை. கீழே வளையல் பேரம், மேலே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அஜீசாவுக்கு ஐம்பது வயது இருக்கும். காசிமேட்டில் வளர்ந்தவர். செங்கொடி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, முதலில் டாக்டரிடம் போய் ரத்தம் சோதித்து வரச் சொன்னார். இதற்கா வந்தோம் என்று முணுமுணுத்தபடி போனாள். ரத்தம் குறைவு என்று வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. தன் கஷ்டத்துக்குப் பாதிக் காரணம் கீரை சாப்பிடாததுதான் என்பதுபோல.

அடுத்த முறை அஜீசா கேட்டார்: "நீங்க லீவுல போனா ஆபீஸ் இன்னா ஆவும்?"

"நா லீவே போட மாட்டேன்."

"அத்த நா கேக்கல."

செங்கொடி யோசித்தாள். "நின்னுடும்."

"அது உங்களுக்கு சந்தோஷமா கீதா, பயமா கீதா?"

ரெண்டும் என்று பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. இறங்கிப் போய்ச் சொல்லவா முடியும்?

எண்ணூர்ப் பக்கத்து போனை பாஸ்கரிடம் முழுசாகக் கொடுத்துவிட வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது. இதுதான் அஜீசா கொடுத்த வேலை.

"அவன் எண்ணூரயும் எர்ணாவூரயும் ஒண்ணுன்னு நெனைக்கிறவன் மேடம்."

"உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல. திட்டு வாங்கி கத்துக்கினேன்."

"அப்ப அவரும் கொஞ்சம் வாங்கட்டும்."

கொடுத்தாள். போன் அடித்தபோதெல்லாம் கை தானாக நீண்டது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாஸ்கர் ஏஜென்ட்டிடம் உளறினான். வரிசை எங்கே வரை நிற்கிறது என்று கேட்ட டிரைவரிடம் பதில் தெரியாமல் விழித்தான். அவள் வெளியே போய்ச் சாலைப் புழுதியில் நின்றாள். உள்ளே இருந்தால் பிடுங்கிவிடுவோம் என்று பயம். வார முடிவில், அஜீசாவிடம் வருவதையே நிறுத்திவிடுவதாகச் சொல்லத்தான் வண்ணாரப்பேட்டைக்குப் போனாள்.

"வேல கொறையவே இல்ல மேடம். முன்னாடி நா செய்வேன். இப்ப அவன் தப்பா செய்றத்த பாத்துகினு குந்தியிருக்கேன். இதுக்கு சிங்கமே பரவால்ல."

அஜீசா, "தப்பு என்னோடது" என்றார். "மொதல்ல அவர் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்கன்னு சொல்லியிருக்கணும். அவசரப்பட்டுட்டேன். மாத்திக்கலாம்." சொல்லிவிட்டு பிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார்.

செங்கொடி அவரையே பார்த்தாள். தப்பு என்னோடது என்று சொன்ன வாய், அடுத்த நிமிஷம் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தது. இத்தனை சுலபமாகவா அதைச் சொல்ல முடியும் என்று அவளுக்கு ஆச்சரியமாக, கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பீம்ராவிடமும் சொல்லாததை அப்போது சொன்னாள்.

"இத்தினி வருஷம் எனக்கு வேல தெர்யும்னு நெனச்சிகினு இருந்தேன். அந்த ரெண்டு பொட்டி மாறினதுலேர்ந்து, எல்லாம் சொம்மா அதிர்ஷ்டத்துல தான் ஓடிச்சோன்னு தோணுது. ஒருநாளிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு பயமா கீது."

"பொட்டி மாறின அன்னிக்கு முந்தின ராத்திரி தூங்கினியாம்மா?" நீங்க என்பது நீ ஆகிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

"ஏது தூக்கம்? வள்ளூர்ல ஒரு வண்டி படுத்துகிச்சு. விடிய விடிய போனு."

"அதுக்கு முந்தின ராத்திரி?"

செங்கொடி பின்னோக்கி எண்ணிப் பார்த்தாள்; தூங்கிய ராத்திரி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கீழே யாரோ வளையலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சின்ன விஷயத்தைத் தானே யோசிக்காமல் போனோமே என்று செங்கொடிக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது. ஆனால் அன்று ராத்திரி தூக்கமும் வந்தது.

பாஸ்கர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். கத்தாமல் சொல்லிக் கொடுப்பது ட்ரெய்லரைப் பின்னால் எடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவன் கேட்ட கேள்விகளில் பாதி எரிச்சலூட்டின; மீதி, தான் இதுவரை யோசிக்காதவை. எண்ணூர்ப் பக்கம் மெல்ல அவன் கைக்குப் போனது. டிரைவர்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதும் நின்றது. கொஞ்ச நாள் கழித்து துரையே கூப்பிட்டார்.

"யக்கா, போனே காணோம். ஒடம்பு கிடம்பு செரியில்லயா?"

"நல்லா கீறேன். ஒயுங்கா வண்டிய ஓட்டு."

நீலமேகத்திடம் பேசுவதுதான் கடைசியாக மிச்சம் இருந்தது. வேலை முடிந்து போன பிறகு தன் போனுக்கு யாரும் கூப்பிடக் கூடாது, ராத்திரிக்கு வேறு ஆள் வேண்டும் என்றாள்.

"கஸ்டமர் ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"நா மயங்கி கீய விய்ந்தா ஒத்துப்பாங்களா சார்? சொம்மா கேக்கல. இத்த ஒத்துகினா இருப்பேன். இல்லன்னா நின்னுடுவேன்."

அவள் குரல் உயரவேயில்லை. நீலமேகம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பத்து காரணம் சொன்னார். அடுத்த மாசம் என்றார். அந்த அடுத்த மாசம் இழுத்து இழுத்து, ஒருவழியாக ராத்திரிக்கு ஆள் வந்தார். வந்தவர் சுமார்தான். செங்கொடிக்குக் குறை சொல்ல நிறைய இருந்தது. பாஸ்கரிடம் சொல்லித் தீர்த்துக்கொண்டாள்.

அஜீசா, இனி வாரா வாரம் வர வேண்டாம், தேவைப்பட்டால் வந்தால் போதும் என்றபோது அதற்கும் சண்டை போட்டாள். "இப்பதான் கொஞ்சம் பேச வருது, தொரத்துறீங்களே" என்றாள்.

சென்ற வாரம் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள். தண்டையார்பேட்டை அருகே ஒரு ட்ரெய்லர் திரும்ப முடியாமல் சாலையின் குறுக்கே நின்றுவிட்டது. முன்னும் பின்னும் ஹாரன். ஆட்டோ டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா பேஜாருங்க இது. எவன் இந்த நேரத்துல இத்த ரோட்ல உட்டான்னு தெர்ல."

செங்கொடி எட்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் வலது பக்கம் ஒடித்தால் திரும்பிவிடும். வாய்வரை வந்தது. ஆட்டோவுக்குள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க வண்டி இல்லப்பா" என்றாள். "யாருதோ, அவங்க பாத்துப்பாங்க."